பார்னபி மீன்பிடிக்கப் போன ஞாயிறுகள்

கெல்லர்ஸ் பெண்ட், அயோவா
1966 மார்ச் 6

அன்புள்ள எம்மெட்,

அப்பா இறந்தபோது நீங்கள் அனுப்பிய அட்டை வந்தது. உங்கள் பெயரைத் தவிர அதில் ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வருஷம் அவருடைய அணிக்குக் கோச்சாக இருந்தவர் நீங்கள். கோபமாகவாவது நாலு வரி எழுதியிருக்கலாம்.

அடக்கத்தன்று சர்ச்சுக்குள் ஒரே சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன். யார் எழுந்து பேசினாலும் அப்பாவின் கூத்து ஒன்றைச் சொன்னார்கள். கலப்பைத் தொழிற்சாலை மூடின வருஷம், வேலை போனவர்கள் குடும்பத்தோடு வந்தால் டிக்கெட்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு உருளைக்கிழங்கு கொடுத்தால் போதும் என்று அறிவித்து, அந்தக் கிழங்கிலேயே சூப் வைத்து அவர்களுக்கே ஊற்றினாரே, அதை மூன்று பேர் சொன்னார்கள். சலவைக்காரர் தவறிப்போய் அணியின் சட்டைகளை ரோஸ் நிறமாக்கிக் கொண்டுவந்ததும், அதையே அந்த சீசன் முழுக்கப் போடவைத்ததும் வந்தது. மேயரின் நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் போட்ட கதையை மேயரே சொன்னார். மைதானத்தில் அப்பா வளர்த்த வாத்தைப் பற்றியும் பேசினார்கள். அதை உங்களுக்கு உதவிக் கோச் என்று அறிவித்த நாளில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று ஒருவர் நடித்துக் காட்டினார்.

பெலிகன்ஸ் பேஸ்பால் அணி இப்போது என் கையில். பள்ளிக்கூடத்தில் வடிவியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு முக்கோணத்தைத் தவிர எதையும் கட்டி மேய்த்துப் பழக்கமில்லை. இந்த ஒரு சீசனை ஓட்டிவிட்டு விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். மினியாபொலிஸில் ஒருவர் கேட்கிறார்.

நகரசபை ஆட்ட மைதானத்துக்கு அப்பா பெயரை வைக்கப்போகிறது. ஜூலை 17, பார்னபி டில்குவிஸ்ட் நாள். அன்றைக்கு நீங்கள் பேச வேண்டும். நீங்கள் ஏன் ஊரைவிட்டுப் போனீர்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "எம்மெட் செஞ்சது சரி, நான் செஞ்சதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டுவிட்டார். அதற்குமேல் அவரிடம் எதுவும் பெயராது, உங்களுக்கே தெரியும்.

வருவீர்களா?

கிரெட்டா

*

யூமா, அரிசோனா
மார்ச் 19

கிரெட்டாவுக்கு,

வர மாட்டேன்.

காரணம் கேட்பாய். சொல்லிவிடுகிறேன். அறுபத்து நாலு ஆகஸ்ட், டுபுக் அணியோடு ஞாயிறு மதிய ஆட்டம். நீ டிக்கெட் ஜன்னலில் இருந்தாய். ராலி வான்சுரா பந்து எறிந்தான். இருபது வயசு. என் நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு வலது கையை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் பெரிய லீகுக்குப் போயிருப்பான், சந்தேகமே இல்லை.

ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமனில் நின்று இழுத்துக்கொண்டே போனது. பத்து, பதினொன்று. ஒரு பையன் அதற்குமேல் எறியக் கூடாது. கை தாங்காது. இன்னொருவனை இறக்க எழுந்தேன். அப்போது உன் அப்பா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "இந்தப் பையனே ஆட்டத்த முடிச்சான்னா, இங்க ஒக்காந்திருக்கிற அத்தன பேருக்கும் அடுத்த வருஷம் பூரா இலவசம்." நாலாயிரம் பேரும் எழுந்து நின்று ராலியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வேலையில்லாத ஊர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பதினாறாவது இன்னிங்ஸில் விளக்கெல்லாம் போட்ட பிறகு முடிந்தது. ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். ராத்திரி அவனால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. அந்த முழங்கை அதற்கப்புறம் நிமிரவே இல்லை.

மறுநாள் காலையில் உன் அப்பாவிடம் போனேன்.

"நான் ஜனங்களுக்கு ஒரு நாள் குடுத்தேன் எம்மெட், அவங்க சாகிற வரைக்கும் பேசுவாங்க" என்றார்.

"நீங்க குடுத்தது உங்க கை இல்ல" என்றேன். சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மைதானத்துக்கு யார் பெயரை வைக்கலாம் என்று ராலியைப் போய்க் கேள். அவன் சரி என்றால் எனக்கும் சரி.

எம்மெட் லாக்ரிட்ஜ்

*

கெல்லர்ஸ் பெண்ட்
ஏப்ரல் 10

அன்புள்ள எம்மெட்,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ரொம்ப நாள் பதில் எழுதவே வரவில்லை. அந்த ஆட்டத்தில் நானும் ஜன்னலைப் பூட்டிவிட்டு வெளியே வந்து கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. பையனின் கை போய்விட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது, பந்து விளையாடுகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். இதே ஊரில்தான் இருக்கிறான். நான் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னபடி போனேன். தேவாலயத் தெருவில் அவன் அம்மாவின் பேக்கரி. திருமதி வான்சுரா என்னைக் கண்டதும் கையில் இருந்த தட்டை அப்படியே வைத்தாள். கொலாச்சி ரொட்டிக்கு ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்துக்கொண்டிருந்தவள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

"எதுக்கு? பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற டாக்டர் போன வருஷம் அவன் கையப் பாத்துட்டு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. இந்தத் தெருவுல அவன் வயசுப் பசங்க மூணு பேரு வியட்நாம்ல இருக்காங்க. எம் புள்ள எங்கூட இருக்கான். நான் ஒங்கப்பாவத் திட்டுறதா, கும்பிடுறதா? நீங்க டீச்சர்தான, சொல்லுங்க."

அதற்குள் ராலி மாவு மூட்டையை இடது தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். அப்பா பெயரை வைக்கப்போவதைச் சொல்லி, உனக்கு அதில் மனக்கசப்பு உண்டா என்று கேட்டேன். அவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "எனக்கென்ன கசப்பு? அவருதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வருவாரே" என்றான்.

எம்மெட், அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடிக்கப் போவதாகத்தான் என்னிடம் சொல்லுவார். தூண்டிலை எடுத்துக்கொண்டு போவார். ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை. நான் கேலி செய்வேன். இங்கேதான் வந்திருக்கிறார். முதலில் திருமதி வான்சுரா கதவைத் திறக்கவில்லையாம். வாசலிலேயே நின்றுவிட்டுப் போவாராம். ஒருநாள் நல்ல மழை, தொப்பிகூட இல்லாமல் நின்றாராம். "கெழவன் செத்துத் தொலைச்சா அந்தப் பாவமும் எனக்கா" என்று அவள்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். அயோவா சிட்டி டாக்டரிடம் அவனைத் தன் காரிலேயே கூட்டிப்போனது அப்பாதான். ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது அப்பா சொன்னாராம்: "கடவுள் ரெண்டு கை குடுத்திருக்காரு ராலி. ஒண்ணத்தான நான் கெடுத்தேன்."

அன்றிலிருந்து பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் அவனுக்கு இடது கையால் எறியப் பழக்கியிருக்கிறார். எதிரே குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தது அறுபத்தொன்பது வயசு மனிதர். ஒருமுறை விரல் வீங்கி வந்தது, கார் கதவில் மாட்டிக்கொண்டது என்றார். நானும் நம்பினேன்.

இதற்குமேல் எழுதலாமா என்று யோசித்தேன். மறைத்தால் சரியில்லை. நான் கிளம்பும்போது ராலி கேட்டான்: "கோச் எங்க இருக்காரு? ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாக்க வருவாருன்னு நெனச்சேன். ஒடம்புக்கு ஏதாவதா?"

நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன்.

கிரெட்டா

*

யூமா
மே 2

கிரெட்டாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து, நான் தங்கியிருக்கும் வீட்டில் என் தங்கை இரண்டு வாரமாக என்னிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டாள்.

ராஜினாமா செய்தது பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். இங்கே கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு பையனுக்காக வேலையைத் தூக்கி எறிந்தவன் என்று. கேட்டவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பஸ்ஸில் டெக்சாஸைத் தாண்டிக்கொண்டிருந்தேன். சாவியை மேசையில் வைத்தவனுக்கு, நாலு தெரு தள்ளி ஒரு படுக்கை இருந்தது தோன்றவில்லை.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். உன் அப்பா ஒலிபெருக்கியில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ஆளை மாற்றுவது கோச்சின் வேலை. யாரும் என் காலைக் கட்டிவைக்கவில்லை. எழுந்தேன், கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது, உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் உன் அப்பாவைத் திட்டும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

அவனுக்கு நான் என்ன எழுதுவது? மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று. இதை மட்டும் சொல். இடது கையால் எறிகிறவன் வலது காலை அவசரமாக ஊன்றுவான், எல்லாரும் செய்கிற தப்பு. காலைத் தாமதப்படுத்தச் சொல். இடுப்பு முதலில் திரும்பட்டும்.

இன்னொன்று. அவனைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதே. கொட்டகையில் எறியட்டும். அதோடு இருக்கட்டும்.

எம்மெட்

*

கெல்லர்ஸ் பெண்ட்
மே 29

அன்புள்ள எம்மெட்,

கால் விஷயத்தை வாசித்துக் காட்டினேன். ராலி சிரித்தான். "லெட்டர்ல கால ஊன்ற முடியுமா? நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு அவன் முகம் நன்றாக இல்லை.

இனி எழுதப்போவதற்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

அப்பா நாளன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு மட்டையாளனுக்கு இடது கையால் எறிய வேண்டும் என்று ராலி கேட்டான். "அவரு கத்துக் குடுத்தது வீணாப் போகலன்னு காட்டணும்" என்றான். நான் உடனே வேண்டாம் என்றேன். நிஜமாகவே சொன்னேன். இரண்டு நாள் கழித்து மைதானத்துக்குப் போனால், இருக்கைகளில் பாதிக்குமேல் காலி. அப்பா இல்லாத மைதானத்துக்கு யார் வருகிறார்கள்? வாத்துகூடப் போன மாதம் செத்துவிட்டது. மினியாபொலிஸ்காரர், கூட்டம் இல்லாத அணியை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

சுவரொட்டி அச்சடித்தாயிற்று. "ராலி வான்சுரா மீண்டும் எறிமேட்டில், இம்முறை இடது கையால்." டிக்கெட் மளமளவென்று போகிறது. அவன்தானே கேட்டான் என்று எனக்கு நானே ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லிக்கொள்கிறேன். சொல்லவேண்டி வருகிறது என்பதே எனக்கு உறுத்துகிறது.

அவன் அன்றாடம் பயிற்சி எடுக்கிறான். கொட்டகையில் பார்த்தேன். பத்துக்கு நாலு சரியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது. நீங்கள் வந்து பார்த்தால் தெரியும்.

கிரெட்டா

*

யூமா
ஜூன் 4

கிரெட்டா,

சுவரொட்டியைக் கிழி. காய்ச்சல் என்று சொல், ஆற்றில் வெள்ளம் என்று சொல், எதையாவது சொல்.

அவன் கேட்டான் என்கிறாய். அன்றைக்கும் அவன்தான் கேட்டான். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் என்னைப் பார்த்து, "இன்னும் ஒண்ணு, கோச்" என்றான். இருபது வயசுப் பையன் கேட்கத்தான் செய்வான். வேண்டாம் என்று சொல்லத்தான் பெரியவர்கள் இருக்கிறார்கள். நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

நீ பார்னபியின் மகள்தான். போ.

எம்மெட்

*

மினியாபொலிஸ், மின்னசோட்டா
ஜூலை 20

எம்மெட்,

சித்தி வீட்டில் இருக்கிறேன். அணியை விற்கும் விஷயமாக வந்திருப்பதாக ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஓடி வந்துவிட்டேன். என்ன நடந்தது என்பதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. மேயர் பேசினார், பலகையைத் திறந்தார்கள். பிறகு ராலி எறிமேட்டுக்கு நடந்து போனான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவன் அம்மா என் பக்கத்தில் இருந்தாள், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பந்து தரையில் குத்தி ஓடியது. மட்டையாளன் பியோரியா அணிக்காரன், ஹார்லன் பீட் என்று பெயர். அடிக்காமல் விட வேண்டிய அந்தப் பந்துக்கும் அவன் மட்டையை வீசினான். இரண்டாவது பந்து அவனுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தியிருந்த கேட்சர் தலைக்கு மேலே போனது. அதற்கும் வீசினான். மூன்றாவது பந்துக்குச் சின்னப் பிள்ளைகூட மட்டையை ஓங்கியிருக்காது, அவ்வளவு விலகிப் போனது. பீட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மட்டையை வீசிவிட்டுக் கீழே உட்கார்ந்தே விட்டான். மூன்று முறை வீசித் தவறவிட்டான், அவுட். கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. தொப்பிகளை எறிந்தார்கள். திருமதி வான்சுரா அழுதாள்.

ராலி மட்டும் அசையவில்லை. பீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பீட் அவனைப் பார்த்துக் கண்ணடித்தான். நல்ல எண்ணத்தில்தான். ராலி பந்து பிடிக்கும் கையுறையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தன் அணிக்காரர்கள் இருந்த பக்கம் போகாமல், கைதட்டுகிற ஜனத்துக்கு நடுவிலேயே நடந்து வாசல் வழியாக வெளியே போனான். முதுகில் தட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

பீட்டிடம் அப்படி ஆடச் சொன்னது நான்தான், எம்மெட். ஆட்டத்துக்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "எது வந்தாலும் வீசிடுப்பா, பாவம் பையன்" என்றேன். நான் பயந்துவிட்டேன். அவன் அவமானப்படக் கூடாது என்று நினைத்தேன். சுவரொட்டி ஒட்டிய நான் அவமானப்படக் கூடாது என்றும்தான் நினைத்தேன்.

அப்பா ஊரையே கூத்தாக்கினார். ஆனால் ஓர் ஆட்டத்தைக்கூடப் பொய்யாக ஆடவிட்டதில்லை. வாத்து உதவிக் கோச்சாக இருந்த நாளில்கூட எறிந்த பந்து நிஜம், வீசிய மட்டை நிஜம். அவர் ராலியின் கையைத்தான் கெடுத்தார். நான் என்ன செய்திருக்கிறேன் என்பதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

இரண்டு நாள் பேக்கரிக்குப் போனேன். அவன் கதவைத் திறக்கவில்லை. அப்பா வாசலிலேயே நின்றாரே என்று நானும் நின்று பார்த்தேன். என்னால் முடியவில்லை.

கிரெட்டா

*

ரிவர்சைட் ஓட்டல், கெல்லர்ஸ் பெண்ட்
ஜூலை 31

கிரெட்டாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். நீ ஊரில் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

பேக்கரிக்குப் போனேன். திருமதி வான்சுரா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா பஸ்ஸு கெடைக்கலயா?" என்றாள். பின்பக்கம் கையைக் காட்டினாள்.

ராலி கொட்டகையில் தனியாகச் சுவரில் எறிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் அங்கே கிடந்த உன் அப்பாவின் பழைய கையுறையை மாட்டிக்கொண்டு எதிரே குந்தினேன். என் முழங்கால் போட்ட சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். எறிந்தான். ரொம்ப நேரம் எறிந்தான்.

நடுவில் கேட்டான்: "அந்த பீட் வேணும்னேதான வீசினான்?"

"ஆமா."

"யாரு சொல்லி?"

"அத என்னால சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவங்க சொல்வாங்க."

இன்னும் வேகமாக எறிந்தான். ஒரு பந்து என் விலாவில் பட்டது. இடது கை வராது, கிரெட்டா. இன்னும் பத்து வருஷம் பழகினாலும் வராது. முதல் அரைமணியிலேயே தெரிந்துவிட்டது. உன் அப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கும். அவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

எழுந்து அவனிடம் போனேன். "போதும் ராலி. இது வராது. விட்டுடு" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். பந்தை என் கையில் திணித்துவிட்டுக் கவிழ்த்துவைத்த மாவுப்பெட்டி மேல் உட்கார்ந்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "இத அன்னைக்கே சொல்லியிருக்கணும் கோச்" என்றான்.

"ஆமா" என்றேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். மன்னித்துவிட்டான் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. சாப்பாடு போட்டான், அவ்வளவுதான். மைதானத்தின் பெயரைப் பற்றிக் கேட்டேன். "இருக்கட்டும். அவரு எங்கையக் கெடுத்தாரு, அப்புறம் தெனமும் அத நெனச்சாரு. மத்தவங்க ரெண்டாவதச் செய்யல" என்றான். சூப்பைக் குடித்துக்கொண்டேதான் சொன்னான்.

நான் கொஞ்ச நாள் இங்கேதான் இருப்பேன். காலையில் ரொட்டி வண்டி ஓட்ட அவர்களுக்கு ஆள் வேண்டுமாம்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. அதற்கு உன்மேல் உள்ள இரக்கம் காரணம் இல்லை. அது நீ சொல்ல வேண்டியது. "நீ பார்னபியின் மகள்தான்" என்று ஜூனில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கதவு திறக்கிற வரைக்கும் உன் அப்பா வாசலில் நின்றார். நீ இன்னும் நிற்கவில்லை.

எம்மெட்

*

மினியாபொலிஸ்
ஆகஸ்ட் 3

அன்புள்ள எம்மெட்,

வாங்குகிறவரிடம் இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம். வந்தால் உங்களோடு பேசிக்கொண்டே ஓட்டல் பக்கம் நடந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பெட்டியோடு நேராகத் தேவாலயத் தெருவுக்குத்தான் போகப்போகிறேன். கதவு திறக்கிற வரைக்கும் நிற்பேன். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும்.

என்ன சொல்வது என்று உங்கள் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். வகுப்பில் எந்தத் தேற்றத்தையும் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். இதில் "பீட்டிடம் அப்படிச் சொன்னது நான்தான், ராலி" என்கிற முதல் வாக்கியம் மட்டும் வருகிறது. அடுத்தது வரவில்லை. அவன் அதற்கு என்ன சொல்கிறானோ, அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பதாக இருக்கிறேன்.

கிரெட்டா